சீந்தில் என்று நட்டது சீந்தில்தானா?

வேப்பமரத்தில் ஏறி, இதய வடிவில் இலை விட்டு, கிளைகளிலிருந்து நூல் நூலாக விழுதுகளைத் தொங்கவிடும் கொடியைக் கண்டால் நம் ஊரில் பெரும்பாலோர் யோசிக்காமல் சீந்தில் என்பார்கள். பல நேரங்களில் அது சரியாகவே இருக்கும். ஆனால் இந்த மூன்று அடையாளங்களும் அப்படியே பொருந்துகிற இன்னொரு கொடியும் வீட்டுத் தோட்டங்களில் வளர்கிறது. தாவரவியலில் அதன் பெயர் டினோஸ்போரா கிரிஸ்பா. மலேசியாவில் பத்தாவாலி என்றும் தாய்லாந்தில் போரபெட் என்றும் சொல்வது இதைத்தான். வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி தென்கிழக்கு ஆசியா எங்கும் இயல்பாக வளர்வது. அந்த நாடுகளில் மருந்தாகவும் பயன்படுவது. நம் சித்த மருந்துகளில் சேரும் சீந்தில், அமிர்தவல்லி, குடூச்சி என்பதோ டினோஸ்போரா கார்டிஃபோலியா. இரண்டும் ஒரே பேரினம், ஒரே மாதிரிக் கசப்பு. ஆனால் வேதிப்பொருள்கள் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டைத் தாவரவியலாளர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்த காலம் கொரோனாவோடு முடிந்தது. நோய் எதிர்ப்பு சக்திக்கு என்று 2020இல் லட்சக்கணக்கானோர் கிடைத்த கொடியை வெட்டிக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 2022இல் நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்களோடு இன்னொரு ஆய்வு வந்தது. ஆயுஷ் அமைச்சகம், கொடியைச் சரியாக அடையாளம் காணாமல் சீந்திலைக் குற்றம் சொல்லக் கூடாது என்றது. கிரிஸ்பாவைத் தவறுதலாகப் பயன்படுத்தும் அபாயத்தை எச்சரித்து, இரண்டையும் பிரித்தறியும் குறிப்புகளையும் வெளியிட்டது. எங்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: ஆள்மாறாட்டம் உண்மையான ஆபத்து, ஆனால் அது மட்டுமே ஆபத்து அல்ல. பாதிக்கப்பட்டவர்களில் பலரிடம் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியின், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோயின், தன்மைகள் இருந்தன. நோய் எதிர்ப்பைத் தூண்டும் மூலிகை, சரியான சீந்திலாகவே இருந்தாலும், அந்த நாட்டமுள்ள உடலில் பாதிப்பை ஏற்படுத்தலாம். கொடியைச் சரியாக அடையாளம் காண்பது முதல் படி மட்டுமே. அந்தப் படியையே பலர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

தண்டைப் பாருங்கள்

இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிழலில் வளர்ந்த இலை பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும். வெயிலில் வளர்ந்தது சிறுத்துத் தடித்திருக்கும். ஒரே கொடியில் கீழ் இலையும் மேல் இலையும் வேறு வேறு செடிகளுடையவை போலத் தெரியும். சீந்தில் இலையின் அடிப்பகுதி காம்பை நோக்கி உள்வாங்கியிருக்கும், கிரிஸ்பாவில் அப்படி இல்லை என்ற குறிப்பு உண்டு. அதைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டியது விரல் தடிமனுக்கு மேல் முதிர்ந்த தண்டு. சீந்திலில் அது பசுமை கலந்த நிறத்தில் இருக்கும். மேல்தோல் காகிதம்போல மெல்லியதாக உரியும். உரித்தால் உள்ளே பளிச்சென்ற பச்சை. தோலில் சிறு வெடிப்புகள், தண்டு சுவாசிக்கும் காற்றுத்துளைப் புள்ளிகள் உண்டு. கிரிஸ்பாவின் தண்டு சாம்பல் நிறம். அதன் நீளம் முழுக்க மருக்கள் நெருக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணை மூடி விரலை ஓட்டினாலே தெரியும்.

இங்கேதான் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. கிரிஸ்பாவின் இளந்தண்டில் மரு இருக்காது, வழவழப்பாகவே இருக்கும். நுனிக் கொடியை மட்டும் ஒடித்துப் பார்த்துவிட்டு 'மரு இல்லை, சீந்தில்தான்' என்று சொல்வது முதல் தவறு. வயதான சீந்தில் தண்டின் காற்றுத்துளைகள் தடித்து மேடிட்டிருப்பதைக் கண்டு 'மரு இருக்கிறது, இது வேறு' என்று நல்ல சீந்திலை வெட்டி எறிவது இரண்டாவது. அடித்தண்டு, நடுத்தண்டு, நுனி என்று மூன்று இடங்களிலாவது பார்த்த பிறகே பேச வேண்டும்.

அடுத்தது வெட்டுமுகம். கூரான கத்தியால் தண்டைக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டுங்கள். நடுவிலிருந்து ஆப்பு வடிவக் கட்டைகள் சக்கரத்தின் ஆரக்கால்போல விரிந்திருந்தால், கொடி சீந்தில் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு அது நல்ல சான்று. எந்த இனம் என்று அது சொல்லாது. அந்த வெட்டிலேயே உடனே பால் கசிகிறதா என்று பாருங்கள். கிரிஸ்பாவில் பால் நிறக் கசிவு உண்டு, சீந்திலில் இல்லை. கடும் வறட்சியில் கசிவு குறைந்துவிடும். அதனால் மழைக்குப் பிறகோ, தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காலையிலோ சோதிப்பது நல்லது. சீந்தில் தண்டு மாவுச்சத்து நிறைந்தது, சீந்தில் சர்க்கரை எடுப்பதே அதிலிருந்துதான். அந்த மாவு கத்தியில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருப்பதைப் பால் என்று எண்ணிவிடக் கூடாது. வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாக மாறும். மாவுச்சத்து இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை.

பூவும் பழமும் கிடைத்தால் வழக்கு தீர்ந்தது. சீந்தில் பூவில் அல்லி இதழ்கள் ஆறு, கிரிஸ்பாவில் மூன்று. பூ சில மில்லிமீட்டர்தான், பத்து மடங்கு காட்டும் கைக்கண்ணாடி இல்லாமல் எண்ண முடியாது. சீந்தில் பழம் உருண்டை, பழுத்தால் சிவப்பு, பட்டாணி அளவு. கிரிஸ்பாவின் பழம் நீள்உருண்டை, ஆரஞ்சு நிறம்.

ஆனால் வீட்டுத் தோட்டத்தில் பழம் கிடைப்பது அரிது, அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கொடிகளில் ஆண் வேறு, பெண் வேறு. நாம் விதையிலிருந்து வளர்ப்பதில்லை, போத்து வெட்டி நடுகிறோம். ஒரு தெருவில் இருக்கும் பத்துக் கொடிகளும் ஒரே தாய்க்கொடியின் துண்டுகளாக இருந்தால் பத்தும் ஒரே பால்தான், எத்தனை ஆண்டு ஆனாலும் காய்க்காது. தவறான இனத்தின் போத்து ஒன்று ஊருக்குள் வந்தால், அது கேள்வி கேட்கப்படாமல் வீடு வீடாகப் பரவுவதும் இப்படித்தான்.

வேறு இரண்டு நம்பிக்கைகளையும் சொல்ல வேண்டும். 'நாக்கில் வைத்தால் கசந்தது' என்பது சான்றாகாது, எல்லாமே கசக்கும். 'வேம்பில் படர்ந்தது' என்பதும் அப்படியே. வேம்பில் ஏறிய சீந்திலுக்கு மருத்துவ மரபில் தனி மதிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் மரத்தைக் காட்டிக் கொடியின் இனத்தை நிரூபிக்க முடியாது. கிரிஸ்பாவும் வேம்பில் ஏறும்.

மற்ற உறவுகள், வேற்று ஆட்கள்

நம் காடுகளிலேயே இயல்பாக இருக்கும் இன்னொரு சீந்தில் பொற்சீந்தில், டினோஸ்போரா சைனென்சிஸ். இதன் இலை பெரியது, அடிப்புறத்தைத் தடவினால் வெல்வெட்போல மென்மயிர் தெரியும். சீந்தில் இலை இருபுறமும் மயிரற்றது. வட்டத்திருப்பியில் காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளிச் சேரும். வேலிப்பருத்தியில் இலைகள் எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் தாராளமாக வழியும். சீந்திலில் இலைகள் மாறி மாறி வரும், காம்பின் அடி தடித்து வளைந்திருக்கும். இவற்றை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தால் பிறகு குழப்பம் வராது.

எச்சரிக்கையோடு அணுக வேண்டியவை ஈஸ்வரமூலி இனங்கள். அவற்றில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரைகளில், ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீந்தில் குடும்பக் கொடிக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா ஃபாங்சி கலந்துவிட்டது. சீன மருந்து வணிகத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர், இரண்டும் வேர்த்துண்டுகளாகவே வந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகப் பாதிப்புக்கு ஆளானார்கள். செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000இல் பதிவானது. அங்கே யாரும் விஷம் வைக்க நினைக்கவில்லை. வந்த சரக்கு எந்தத் தாவரம் என்று உறுதி செய்யும் ஒரு கட்டம் விடுபட்டது, அவ்வளவே.

'இது இங்கே இல்லாத கொடி' என்று தோன்றினால்

கிராமத்து வைத்தியரோ கல்லூரி மாணவரோ, இதுவரை பட்டியலில் இல்லாத ஒரு மருந்துக்கொடியைக் கண்டுவிட்டதாக எண்ணும் நேரம் வரும். புகைப்படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது பதிவு ஆகாது. ஒரு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ புதிய தாவரம் என்று சொல்ல, யாரும் திரும்ப எடுத்துச் சோதிக்கக்கூடிய உலர்மாதிரி, அதாவது தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திய செடி, வேண்டும்.

தண்டு, கணு, இலை, பூ அல்லது காய் எல்லாம் அடங்கிய 30 முதல் 40 செ.மீ. நீளக் கிளையை எடுங்கள். ஆண், பெண் கொடிகள் இரண்டிலிருந்தும் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பிரதி. முதிர்ந்த தண்டின் ஒரு துண்டும் தனியாக வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி முதலில்.

சீந்தில் இனங்களை உலர்த்துவது மற்றச் செடிகளைப் போல எளிதல்ல. சதைப்பிடிப்பான தண்டு தாளுக்கிடையிலும் உயிரோடிருக்கும். இலைகளை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர்கூட விடும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து அழுகும். தண்டை நீளவாக்கில் பிளந்து, கொதிநீரில் சில விநாடி முக்கி எடுத்து, நீர் ஒற்றி அழுத்தியில் வையுங்கள். முதல் வாரம் தினமும் தாள் மாற்ற வேண்டும். பூக்களையும் பழங்களையும் 70 சதவீத ஆல்கஹாலில் சிறு புட்டியில் போடலாம். டிஎன்ஏ சோதனைக்கு இளம் இலைத் துண்டு ஒன்றை, அதன் எடையைப் போலப் பத்து மடங்கு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லில் புதைத்தால் ஒரு நாளில் காய்ந்துவிடும். மெதுவாகக் காய்ந்தால் டிஎன்ஏ சிதையும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது, காய்ந்தபின் மறைந்துபோகும் விவரங்கள்: பாலின் நிறம், பூவின் நிறம், பழுத்த பழத்தின் நிறமும் வடிவமும், ஏறியிருந்த மரம், விழுதுகளின் நீளம். கூடவே இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி. இவை இல்லாத மாதிரி பாதி மாதிரிதான்.

அடுத்த கேள்வியைத்தான் ஆர்வத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்: அந்தக் கொடி அங்கே தானாக வந்ததா, நட்டதா? தோட்டத்தில் நட்ட கிரிஸ்பாவைக் காட்டி 'நம் மாவட்டத்துக் காட்டுத் தாவரம்' என்று எழுதுவது தவறு. வீடுகளுக்கு அப்பால், யாரும் நடாத இடத்தில், விதையிலிருந்து முளைத்த நாற்றுகளோடு பரவியிருந்தால் மட்டுமே அது நிலைத்துவிட்டது என்று பேசலாம். வேலியோரத்தில் ஒரே ஒரு கொடி இருந்தால் யாரோ எறிந்த போத்து வேர் பிடித்திருக்கலாம் என்பதையே முதலில் நினைக்க வேண்டும். பிறகு பழைய மாதிரிகளைப் பார்ப்பது. கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியம் என்னும் உலர்மாதிரிக் காப்பகத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும் சீந்தில் பேரினத்தின் உறைகள் எல்லாவற்றையும் புரட்டுங்கள். 'புதியது' என்று நினைத்தது, வேறு பெயர் எழுதிய உறைக்குள் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருக்கலாம். இதெல்லாம் முடிந்து, இந்தக் குடும்பத்தை ஆராய்ந்தவர் ஒருவர் ஒப்புக்கொண்டு, மாதிரிக்குக் காப்பகத்தின் சேர்க்கை எண் கிடைத்த பிறகுதான் எழுத வேண்டும்.

பொடியாக வாங்குபவர்களுக்கு

பொடியைப் பார்த்து எந்த நிபுணரும் கண்ணால் இனம் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் மாவுமணிகளையும் கல்செல்களையும் பார்க்கலாம். வேதிச் சுவடுகளைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்.பி.டி.எல்.சி. சோதனையில் கிரிஸ்பாவுக்கு உரிய போரபெட்டோசைடுகளைத் தேடலாம். கொதிக்க வைத்து வடித்த சாறு என்றால் டிஎன்ஏ சிதைந்திருக்கும், அங்கே வேதிச் சோதனையே வழி. எனவே நாட்டு மருந்துக் கடையில் முழுத் தண்டுத் துண்டாக, தோலோடு கேட்டு வாங்குங்கள். தோல் சீவிய துண்டு வேண்டாம், அடையாளமே அந்தத் தோலில்தான் இருக்கிறது.

கல்லீரல் நோய், தன்னெதிர்ப்பு நோய்கள் உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சீந்திலைத் தொட வேண்டாம். எடுத்துக்கொண்டிருக்கும் யாருக்கும் பசியின்மை, கடும் அசதி, அரிப்பு, அடர் மஞ்சள் சிறுநீர், கண் மஞ்சள் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருத்துவரிடம் 'மூலிகை சாப்பிட்டேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கொடியின் ஒரு துண்டையோ பொடி டப்பாவையோ கையோடு கொண்டுபோங்கள். மும்பையிலிருந்து வந்த பதிவைச் சுற்றி விவாதம் நீண்டதே, நோயாளிகள் உட்கொண்டது எந்தக் கொடி என்ற கேள்வியால்தான்.

உங்கள் வீட்டுக் கொடி கிரிஸ்பா என்று உறுதியானால், அதிலிருந்து யாருக்கும் போத்து கொடுக்காதீர்கள். வெட்டினால் துண்டுகளைக் காலி மனையிலோ குப்பைமேட்டிலோ எறிய வேண்டாம். தண்டு வாரக்கணக்கில் காயாமல் கிடந்து, ஈரம் பட்டதும் வேர் விடும். சிறு துண்டுகளாக நறுக்கி, சிமென்ட் தரையில் முறுமுறுவென ஒடியும்வரை வெயிலில் காயவைத்து, பிறகு எரித்துவிடுங்கள். மரத்தில் ஏறிய தண்டை அடியில் மட்டும் வெட்டினால் போதாது. மேலே தொங்கும் பகுதி விழுதை இறக்கி மறுபடி மண்ணைப் பிடிக்கும், அதையும் இழுத்து எடுக்க வேண்டும்.