பின்சில்லு எங்கே போகிறது? மலையேறும் 20 தொன் இயந்திரம்

மலையகத் தோட்டங்களின் உச்சியில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களை வெட்டி இறக்க இப்போது ஆளும் யானையும் மட்டும் போவதில்லை. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கையோடு பெக்கோ என்ற மண்தோண்டும் இயந்திரமும் போகிறது. தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தி அடுப்புக்கு விறகு வேண்டும், பலகைக்குப் பைனஸ் வேண்டும். சரிவில் கிடக்கும் கட்டையை வீதியோரம் தூக்கி அடுக்க அந்தக் கையை விட்டால் சுலபமான வழி கிடையாது. இயந்திரம் கப்பலில் வருகிறது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து நுவரெலியா இருநூறு கிலோமீற்றருக்குள்தான். காரில் காலையில் கிளம்பினால் பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். லோபெட் என்ற தாழ்ந்த தட்டு ட்ரெய்லரில் ஏறிய இயந்திரத்துக்கோ சில வேளை ஓர் இரவு முழுவதும் போதாது.

ஏனென்று கேட்டால் பாரம் என்பார்கள். பாரமும் பிரச்சினைதான், ஆனால் அது இரண்டாவது. முதல் பிரச்சினை வளைவு.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். 20 தொன் வகைப் பெக்கோ ஒன்றின் அகலம் சுமார் 2.8 மீற்றர், கையை மடித்த பிறகும் நீளம் ஒன்பதரை மீற்றர், உயரம் மூன்று மீற்றர். சாதாரணக் கொள்கலனின் உள்ளகலம் 2.35 மீற்றர்தான் என்பதால் அதற்குள் இது நுழையாது. சுவரும் கூரையும் இல்லாத ஃபிளாட் ரேக்கில் கட்டி அனுப்புவார்கள். இல்லாவிட்டால் வாகனங்கள் தாமாகவே ஓடி இறங்கும் ரோ-ரோ கப்பலில் வரும். ரோ-ரோ கப்பல்கள் அம்பாந்தோட்டைக்கும் வருகின்றன. ஊவாப் பக்கம் போக வேண்டிய இயந்திரமானால் அங்கிருந்து வெல்லவாய, எல்ல வழியாக ஏறுவது கிட்ட. பாவித்த இயந்திரம் என்றால் வேற்று நாட்டு மண் ஒரு பிடிகூட ஒட்டியிருக்காமல் கழுவியிருக்க வேண்டும். அந்த மண்ணில் வரும் பூஞ்சையும் விதையும் இயந்திரத்தின் விலையைவிடப் பெரிய நட்டத்தைத் தேயிலைக்கு வைத்துவிடும்.

லோபெட் ட்ரெய்லரின் தட்டு தரையிலிருந்து ஒரு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும். ரயில் மேம்பாலத்துக்கும் மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் அடியால் தப்பவே இந்தத் தாழ்வு. தட்டை உற்றுப் பார்த்தால் இரும்பின் மேல் கனமான மரப்பலகைகள் பதித்திருப்பது தெரியும். அழகுக்கு அல்ல. பெக்கோவுக்குச் சில்லு கிடையாது, இரும்புப் பட்டைதான். இரும்பின் மேல் இரும்பு, இடையில் கொஞ்சம் ஈரச்சேறு என்றால் வழுக்கிக்கொண்டு போகும். பலகை அந்த உராய்வைக் கூட்டுகிறது. மீதியைச் சங்கிலிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் பாரம் தன் எடையில் 80 வீதம் வரையான விசையோடு முன்னே பாயும் என்று வைத்துத்தான் கட்டுவார்கள். அதாவது 20 தொன்னுக்கு 16 தொன் இழுவிசை. நாலு மூலையிலும் சாய்வாகச் சங்கிலி போட்டு முறுக்குவதும், சில கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி மறுபடி முறுக்குவதும் அதனால்தான்.

இனி வீதி. கண்டி வீதியில் போய்ப் பேராதனையில் திரும்பி, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறலாம். அவிசாவளையில் பிரிந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் வழியாகவும் ஏறலாம். இரண்டுமே ஆங்கிலேயர் காலத்துத் தடங்களை ஒட்டிப் போகின்றன. கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்னும் நிற்கிறது. அதே ஏற்றத்தில் பாறையைக் குடைந்து போட்ட வாயிலும் இருக்கிறது. இன்றைய போக்குவரத்து அந்த வாயிலுக்குப் பக்கத்தால்தான் போகிறது. மாட்டு வண்டி திரும்பினால் போதும் என்று வெட்டிய வளைவுகளில் பல இன்றைக்கும் அகலப்பட்டிருக்கின்றனவே தவிர, அவற்றின் வடிவம் பெரிதாக மாறவில்லை.

கொண்டை ஊசி வளைவில் நீண்ட வண்டிக்கு என்ன நடக்கிறது? முன்சில்லு போன தடத்தில் பின்சில்லு போவதில்லை. அது வளைவின் மையத்தை நோக்கி உள்ளே வெட்டிக்கொண்டு போகும். லயத்துக் காம்பிராவுக்குள் நீள அலுமாரி ஒன்றைத் திருப்பியவர்களுக்கு இது புரியும்: முன்னால் பிடித்தவர் தாராளமாகத் திரும்பிவிடுவார், பின்னால் பிடித்தவரின் முழங்கைதான் நிலையில் இடிக்கும்.

எவ்வளவு உள்ளே வெட்டும் என்பதைப் பாடசாலையில் படித்த பைதகரஸ் தேற்றமே சொல்லிவிடும். ட்ரெய்லரை இழுக்கும் பிரைம் மூவரின் முன்சில்லு 13 மீற்றர் ஆரையில் வட்டமடிக்கிறது என்று வைப்போம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீற்றர். ட்ரெய்லர் கொளுவியிருக்கும் இடத்திலிருந்து ட்ரெய்லரின் அச்சுகள் வரை 10 மீற்றர். 13இன் வர்க்கம் 169. அதில் 4இன் வர்க்கம் 16ஐயும், 10இன் வர்க்கம் 100ஐயும் கழித்தால் 53. அதன் வர்க்கமூலம் 7.3 அளவில் வரும். ட்ரெய்லரின் பின்சில்லுகள் 7.3 மீற்றர் ஆரையில்தான் சுற்றும், முன்சில்லுத் தடத்திலிருந்து 5.7 மீற்றர் உள்ளே. இதோடு இயந்திரத்தின் அகலம் 2.8 மீற்றரைக் கூட்டினால் வண்டி கேட்கும் வீதி எட்டரை மீற்றர். இரண்டு வழித்தட மலைவீதி அவ்வளவு இடம் தராது. மூன்று மீற்றர் தோட்டப் பாதையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இது வளைவில் நின்று முழுவட்டம் அடிக்கும்போது வரும் உச்சக் கணக்கு. கொஞ்சத் தூரமே திரும்பும் வளைவில் வண்டி அந்த உச்சத்தைத் தொடுவதற்கு முன்னரே நிமிர்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவோ கிட்டத்தட்ட அரைவட்டம், அங்கே சலுகை அதிகம் கிடைக்காது.

தீர்வு ட்ரெய்லரின் பின்னச்சுகளில் இருக்கிறது. ஹைட்ரோலிக் குழாய்களின் வேலையால் முன்பகுதி இடம் திரும்பும்போது பின்சில்லுகள் வலம் திரும்பும். அப்போது 10 மீற்றர் ட்ரெய்லர் 6 மீற்றர் ட்ரெய்லரைப் போல நடந்துகொள்ளும் என்று கொண்டால், 169இலிருந்து 16ஐயும் 36ஐயும் கழிக்க வேண்டும். மீதி 117, வர்க்கமூலம் 10.8. உள்வெட்டு 5.7இலிருந்து 2.2 மீற்றராகிவிடும். தேவையான அகலம் ஐந்து மீற்றர். எதிரே வரும் பஸ்ஸை நிறுத்தி வைத்தால் வளைவு முடிந்துவிடும்.

இந்த வசதி இல்லாத ட்ரெய்லர் என்றால் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும். பின்னால் டோர்ச் லைட்டோடு நிற்பவரின் குரல்தான் சாரதிக்குக் கண். "அண்ணே, இன்னும் ஒரு சாண் இருக்கு… வாங்க, வாங்க… போதும்! பின் டயர் கானுக்குள்ள எறங்கப் போவுது!"

இன்னொரு சிக்கலும் வளைவின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் வெளிவிளிம்பும் உள்விளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன, ஆனால் உள்விளிம்பு நீளத்தில் குறைவு. ஆகவே உட்புறம் இன்னும் செங்குத்து. உள்ளே வெட்டிவரும் சில்லு அந்தச் செங்குத்தில் ஏறும்போது வண்டியின் சட்டமே முறுகும். பிரைம் மூவரின் ஓட்டும் சில்லுகளில் ஒன்று பாரமிழந்து, பிடியில்லாமல் வெறுமனே சுழலும். டிஃப் லொக் போட்டு இரு பக்கச் சில்லுகளையும் ஒன்றாகச் சுழல வைத்தால்தான் நகரும்.

தாழ்ந்த தட்டுக்கும் ஒரு விலை உண்டு. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 10 மீற்றர், தட்டின் அடி தரையிலிருந்து 25 சென்ரிமீற்றர் என்றால், அந்தப் பத்து மீற்றருக்குள் நடுவில் 25 சென்ரிமீற்றர் உயரும் மேடு ஒன்றே வண்டியின் வயிற்றைத் தரையில் உட்கார வைக்கப் போதும். மதகுகளின் மேல் இப்படியான மேடுகள் நிறைய. சில்லு ஏறும் இரு பக்கமும் பலகை அடுக்கி உயர்த்தியோ, ட்ரெய்லரின் ஹைட்ரோலிக் தாங்கிகளால் தட்டைத் தூக்கியோ கடப்பார்கள்.

இப்போது பாரத்துக்கு வரலாம். இயந்திரமும் வண்டியும் சேர்ந்து 40 தொன். 100 மீற்றருக்கு 7 மீற்றர் உயரும் ஏற்றத்தில் புவியீர்ப்பு 2.8 தொன் விசையோடு பின்னே இழுக்கும். சில்லுகளின் உருளல் தடை இன்னும் 0.4 தொன். மொத்தம் 3.2 தொன். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் இதை இழுக்க 235 குதிரைவலு வேண்டும். 40 கிலோமீற்றரில் போக ஆசைப்பட்டால் 470. பின்னால் வரிசையாக ஹோர்ன் அடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நல்லது.

எஞ்சினில் வலு இருந்தாலும் அது டயர் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். ஓட்டும் அச்சுகளின் மேல் 16 தொன் அழுத்துகிறது என்றால் 3.2 தொன் என்பது அதில் ஐந்தில் ஒன்று. நனைந்த தார்வீதிகூட அந்த உராய்வைத் தாராளமாகத் தரும். ஆனால் தார் முடிந்து தோட்டப் பாதை தொடங்கும்போது ஏற்றம் 15 வீதமாகலாம், உருளல் தடையும் மூன்று மடங்காகும். தேவையான இழுவை 7.2 தொன்னுக்குப் போய்விடும், 16 தொன்னில் 45 வீதம். மழையில் ஊறிய செம்மண் அவ்வளவு பிடி கொடுக்காது. எத்தனை குதிரைவலு இருந்தாலும் டயர் வழுக்கிக்கொண்டே நிற்கும். இயந்திரத்தைத் தட்டில் ஒரு முழம் முன்னே நகர்த்திக் கட்டினால் ஓட்டும் அச்சுக்குப் பாரம் கூடிப் பிடி கொஞ்சம் அதிகமாகும் என்பது சாரதிகள் அறிந்த உபாயம். அதற்கும் எல்லை உண்டு, அச்சு தாங்க வேண்டுமே.

அச்சுப் பாரம் வீதியைத் தின்னும் விதம் விசித்திரமானது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்த பெரிய பரிசோதனையில், வீதிக்கு வரும் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறக்குறைய நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்வது தெரிந்தது. 24 தொன்னை இரண்டு அச்சில் வைத்தால் அச்சுக்கு 12, மூன்று அச்சில் வைத்தால் 8. மொத்தப் பாரம் ஒன்றுதான், ஆனால் முதலாவது ஏற்பாடு வீதிக்குச் செய்யும் சேதம் மூன்று மடங்குக்கும் மேல். பாலங்களில் கணக்கு வேறு. நாலைந்து மீற்றர் மதகு ஒரு நேரத்தில் ஓர் அச்சுக் கூட்டத்தை மட்டுமே சுமப்பதால் அச்சுப் பாரத்துக்குத்தான் அஞ்சும். ஆற்றுக்குக் குறுக்கேயுள்ள நீண்ட பாலம் முழு வண்டியையும் ஒன்றாகச் சுமக்கிறது, அதற்கு மொத்த எடைதான் பயம்.

மழையையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நனைக்கும். பதுளைப் பக்கத்துக்கு டிசெம்பரில் வடகீழ்ப் பருவமழை வரும். மலைவீதியின் உட்பாதி மலையை வெட்டிய தரை, வெளிப்பாதி பெரும்பாலும் வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியது. மண்ணுக்குள் நீர் நிறைந்தால் மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் விசை குறையும், நிரப்பிய ஓரம் சரியும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் 40 தொன்னை அந்த ஓரத்தில் ஏற்றுவது முட்டாள்தனம்.

கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரை இயந்திரம் தானே நடந்து கடக்கும். 20 தொன்னையும் இரண்டு அகலமான இரும்புப் பட்டைகள் நாலு சதுர மீற்றருக்கும் மேலான பரப்பில் பரப்பிவிடுவதால், தரையில் விழும் அழுத்தம் லொறி டயரினுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. லோபெட் புதையும் சேற்றில் பெக்கோ நடந்து போவதன் சூட்சுமம் இதுதான். தார்வீதியைக் குறுக்கே கடக்க வேண்டி வந்தால் பழைய டயர்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் ஊர்ந்து போகும். பின்னால் விட்ட டயரை எடுத்து முன்னால் போட இரண்டு பேர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். தூரம் கூடினால் பட்டையின் ஊசிகளும் உருளைகளும் சூடேறித் தேயும்.

என்னைக் கேட்டால், வடஐரோப்பியக் காட்டுக்கென்று செய்த பெரிய மரவெட்டி இயந்திரங்களைக் காட்டி ஆசைப்படுவதைவிட, இந்த வளைவுகளை நாடாவால் அளந்துவிட்டு இயந்திரம் வாங்குவது மேல். 13 தொன் பெக்கோவின் அகலம் இரண்டரை மீற்றர்தான். ட்ரெய்லரே இல்லாத லொறியில் அதை ஏற்றலாம். உள்வெட்டு ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

வேலை முடிந்து இறங்கும்போது ஆபத்து வேறு உருவம் எடுக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். கம்பளை ஏறக்குறைய 1400 மீற்றர் கீழே. 40 தொன் அவ்வளவு இறங்கும்போது விடும் சக்தி 1600 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதையெல்லாம் பிரேக்கின் தலையில் போட்டால் ட்ரம் சூட்டில் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும், கட்டையின் உராய்வும் குறையும், பெடல் மிதிபட்டும் வண்டி நிற்காது. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினையே தடையாக்கி இறக்குவார்கள். வழியில் ஓரம் கட்டி ஒவ்வொரு சில்லின் அருகிலும் கை வைத்துச் சூடு பார்ப்பார்கள். சூடு கூடியிருந்தால் அது தானாக ஆறும்வரை நிற்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு ட்ரம் வெடித்துவிடும்.