பென்சிலைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள்

பள்ளி திறந்து சில வாரம் ஆனதும், "எல்கேஜி சேர்த்திருக்கோம், எழுதவே மாட்டேங்கிறான், மிஸ் டைரியில எழுதி அனுப்புறாங்க" என்று பாபநாசம், திருவையாறு பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், எழுதுவது, சாப்பிடுவது மாதிரி அன்றாட வேலைகள் கைக்கு வரப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அப்படி வருகிறவர்களில் பலருக்கு ஒரு கோளாறும் கிடையாது, கை இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

பொதுவாக 3 வயதில் வட்டம் வரும், 4 வயதில் கூட்டல் குறி, முக்கோணம் 5 வயதை ஒட்டித்தான். மணிக்கட்டில் இருக்கிற 8 சிறு எலும்புகளில் பலவும் மூன்றரை வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையிடம் போய் சுழியும் வளைவுமாக 'அ' கேட்டால் எப்படி?

முதலில் விரலுக்கு வேலை கொடுங்கள். அதற்கு ஆயிரம் ரூபாய் ஆக்டிவிட்டி கிட் வேண்டாம், நம் ஊர்க் கொல்லையிலேயே எல்லாம் கிடக்கிறது. பூவரச இலையில் பீப்பீ செய்யச் சொல்லிப் பாருங்கள். இலையை ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்ட வேண்டும், சுருட்டியது பிரியாமல் ஒரு கை பிடிக்க மறு கை உருட்ட வேண்டும், கடைசியில் ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்க வேண்டும். பென்சில் பிடிக்கத் தேவையான விரல்கள்தான் இத்தனை வேலையும் பார்க்கின்றன. ஊதினால் சத்தம் வேறு வருமா, போதும் போதும் என்றாலும் விடமாட்டார்கள்.

கத்தரிக்கோலுக்குத் தென்னங்கீற்று. ஈர்க்கை உருவிவிட்டு ஓலையைக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். காகிதம் மாதிரித் துவளாது, ஒரே வெட்டில் துண்டு விழுந்துவிடும். முனை மழுங்கிய கத்தரிக்கோலாக இருக்கட்டும், வெட்டும்போது கட்டைவிரல் மேலே பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம் களிமண். பிள்ளையார் செய்து கண் பதிப்பது அருமையான பயிற்சி, ஆனால் குன்றிமணி வேண்டவே வேண்டாம், மென்று விழுங்கிவிட்டால் கடும் விஷம். மிளகு வையுங்கள். பூக்கட்டப் பழக்கினாலும் அரளியைத் தள்ளி வையுங்கள். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் மிளகு, மணி, கொட்டை எதுவும் கூடாது, மூக்கில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும்.

ஒன்றும் செய்ய நேரமில்லையா? பிரஷும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடுத்துத் திண்ணைச் சுவரில் வரைய விடுங்கள். செங்குத்தான சுவரில் கை தூக்கி வரையும்போது தோளும் மணிக்கட்டும் பலப்படும்.

சரி, எப்போது காட்ட வேண்டும்? ஒரு வயது தாண்டியும் சோற்றுப் பருக்கையை இரண்டு விரலால் எடுக்க வரவில்லை, ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டுமே நீட்டுகிறது, இன்னொன்று மடங்கியே இருக்கிறது என்றால் "இடக்கைப் பழக்கம்" என்று பாட்டி சொன்னாலும் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி., அதாவது பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உதவும் மாவட்ட மையம் எங்கே என்று கேளுங்கள், அங்கே கட்டணம் கிடையாது.