'சாமி பார்த்துக்கும்' என்று எப்போது சொல்வது? பிஎஸ்எல்இ வீடுகளுக்குச் சில குறிப்புகள்

பிஎஸ்எல்இ என்பது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வு. அதை எழுதும் தொடக்கநிலை 6 பிள்ளை இருக்கும் வீட்டில் ஆகஸ்ட் வாய்மொழித் தேர்வு தொடங்கி நவம்பர் இறுதியில் முடிவு வரும்வரை வேண்டுதல் கூடும். அர்ச்சனையோ ஜெபமோ துஆவோ, பிள்ளைக்கு அது தரும் சேதி ஒன்றுதான்: உனக்காக நாங்கள் நிற்கிறோம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

கடவுளை அடைய நம் முயற்சியும் வேண்டுமா, அவரே பார்த்துக்கொள்வாரா என்று வைணவத்தின் இரு பிரிவுகளுக்கிடையே பழைய வாதம் ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும், நேரம் பார்த்து. விடைத்தாளைக் கொடுக்கும்வரை குரங்குக்குட்டி, கொடுத்த பிறகு பூனைக்குட்டி. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. செப்டம்பரில் பின்னக் கணக்கு புரியவில்லை என்று அழும் பிள்ளையிடம் "சாமி பார்த்துக்கும், போய்த் தூங்கு" என்கிறோம். அக்டோபரில், தேர்வு முடிந்து எம்ஆர்டி ஏறுவதற்குள் "மூணாவது கேள்விக்கு என்ன எழுதினே?" என்று விசாரணை. 2021 முதல் உள்ள முறையில் ஒரு பாடத்தில் 65 முதல் 74 மதிப்பெண் வரை எல்லாமே ஏஎல் 5, அதாவது ஒரே அடைவுநிலை. ஒரு கேள்வியைத் துருவி ஆவது பெரும்பாலும் ஒன்றுமில்லை.

உளவியலாளர் கென்னத் பார்காமென்ட் குழுவினர் 1988இல், பக்தர்கள் பிரச்சினையைக் கையாளும் விதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தானே பார்த்துக்கொள்வது, முழுதும் கடவுளிடம் விடுவது, கடவுளோடு சேர்ந்து முயல்வது. தன்னால் முடியும் என்ற எண்ணம் சேர்ந்து முயல்பவர்களிடம் வலுவாகவும், எல்லாவற்றையும் விட்டுவிடுபவர்களிடம் குறைவாகவும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறோம்.

இரவில் பத்து நிமிடம் போதும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இன்று எது கஷ்டமாக இருந்தது என்று பிள்ளை முதலில் சொல்லட்டும்; நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைச் சேர்ந்து முடிவுசெய்யுங்கள்; வேண்டுதல் அதன் பிறகு. பலர் சறுக்குவது இந்த வேண்டுதலில்தான். பிள்ளை காதுபட "முருகா, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடு" என்பது கைகூப்பித் திட்டுவது. பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

நேர்த்திக்கடனிலும் கவனம் தேவை. "எட்டுக்குள் வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம்" என்று பேரம் பேசி, மொத்தம் (நான்கு பாடங்களின் ஏஎல் கூட்டல், குறைவாக இருந்தால்தான் நல்லது) 14 வந்துவிட்டால், அம்மாவின் விரதம் தன்னால் வீணானதாகப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். வேண்டுதலை உங்கள் பெயரில் வையுங்கள். எந்த முடிவு வந்தாலும் பால்குடம் உண்டு என்பதைத் தேர்வுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். உயர்நிலைப் பள்ளித் தெரிவுகள் ஆறையும்கூட முடிவு வருமுன் நிதானமாகப் பேசி வைப்பது நல்லது. முடிவு வந்த பின் அவகாசம் சில நாள்தான்.

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்பதை எந்த வயதிலும் சொல்ல வேண்டாம். பயந்த பிள்ளை பொய்யை விடாது, குறைந்த மதிப்பெண் தாளை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும். சில பிள்ளைகளிடம் பயம் சடங்காகவே மாறும். திருநீற்றை மூன்று முறை சரியாகப் பூசவில்லை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவது, சுலோகத்தில் ஒரு சொல் தவறினால் திரும்பச் சொல்வது எனத் தினமும் ஒரு மணிநேரத்துக்கு மேல் போனால், அதைப் பக்தி என்று பாராட்டாமல் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். காலையில் தொடர்ந்து வயிற்றுவலி, தூக்கமின்மை, "சாமிக்கு என்னைப் பிடிக்கல" என்ற பேச்சு இருந்தாலும் அப்படியே. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச டிங்கிள் ஃபிரெண்ட் உதவித் தொலைபேசி 1800-2744-788 இருக்கிறது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு உதவித் தொலைபேசி 1767ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.