நீராவியில் தழைத்த கரிக்காடு

குக்கர் காஸ்கெட்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்கிய புதிதில் துவளும். பல மாதங்கள் நீராவியில் வெந்தபின் விறைத்து, ஓரங்களில் வெடிப்பு விடும். அப்புறம் விசில் வராது, பக்கவாட்டில் ஆவிதான் கசியும். வீட்டில் இது சின்னத் தொல்லை. ரசாயன ஆலையில் குழாய்களின் இணைப்புகளில் இதே வேலையைச் செய்யும் ரப்பர் வளையம் ஒன்று பழுதானால், அதை மாற்ற இயந்திரத்தையே நிறுத்த நேரும்.

2018 இல் ஜப்பானின் சன்ஆரோ நிறுவனம், வெப்பத்தையும் உயர் அழுத்தத்தையும் வழக்கமானவற்றைவிட நன்றாகத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ரப்பருக்குள் இருப்பது கார்பன் நானோகுழாய். அதை வளர்க்கும் முறை 2004 இல் வெளியானது. அறிவியல் செய்திகளில் அந்த 2004 ஆம் ஆண்டைப் பற்றி நிறையப் படிக்கிறோம். இடையில் கழிந்த 14 ஆண்டுகள்தான் எனக்கு இன்னும் பெரிய சாதனையாகத் தோன்றுகின்றன.

ரப்பரில் கரி கலப்பது புதிதல்ல. டயர் கறுப்பாக இருப்பதே அதனால்தான். கார்பன் பிளாக் என்னும் நுண்கரி ரப்பருக்கு உறுதி சேர்க்கிறது. ஆனால் அதன் துகள்கள் உருண்டையானவை, ஏராளமாகக் கலக்க வேண்டும். நானோகுழாயும் கரிதான், அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணங்களாகக் கோத்த, ஒரே அணு கனமுள்ள கார்பன் தாளைப் பாய்போலச் சுருட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். என்.இ.சி. நிறுவனத்தின் ஆய்வாளர் சுமியோ இஜிமா 1991 இல், குழாய்க்குள் குழாயாகப் பல சுவர் கொண்ட குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993 இல் வந்தன. எடைக்கு எடை எஃகை மிஞ்சும் வலிமை, நல்ல மின்கடத்துத் திறன். எல்லாம் இருந்தும் வளர்ப்பது பெரும்பாடாக இருந்தது.

ஏன் என்று பார்ப்போம். ஒரு தகட்டின் மேல் சுமார் ஒரு நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு இரும்பைப் பூசிச் சூடாக்கினால், தாமரை இலையில் நீர் திரள்வதுபோல் இரும்பு சிறு சிறு துகள்களாகத் திரளும். சுமார் 750 டிகிரி செல்சியஸில் அதன்மேல் எத்திலீன் வாயுவைச் செலுத்துகிறார்கள். வாழைக்காயைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். இரும்புத் துகள் அதை உடைத்துக் கார்பனைப் பிரித்தெடுக்கிறது. கார்பன் அணுக்கள் துகளின் விளிம்பில் ஒழுங்காகச் சேர்ந்து குழாயாக நீள்கின்றன. துகள் வினையூக்கி மட்டுமே, தான் கரைந்துபோவதில்லை. ஆகவே குழாய் வளர்ந்துகொண்டே போக வேண்டும். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். குழாயாகாத ஒழுங்கற்ற கரி துகளின்மேல் படிந்து அதை மூச்சடைக்க வைத்துவிடுகிறது.

ஜப்பானின் ஸுகுபா நகரில் இருக்கும் ஏ.ஐ.எஸ்.டி. என்னும் அரசு ஆய்வு நிறுவனத்தில் கென்ஜி ஹாத்தாவின் குழு இதற்குக் கண்ட மருந்து, மிக மிகச் சிறிதளவு நீராவி. அந்த வெப்பத்தில் நீர் மூலக்கூறு ஒழுங்கற்ற கரியோடு வினைபுரிந்து அதை வாயுவாக்கி அகற்றுகிறது. நன்றாகக் கோத்த குழாய்ச் சுவரை அவ்வளவு சொற்ப ஈரத்தால் எதுவும் செய்ய முடியாது. துகள் சுத்தமாகி மீண்டும் உழைக்கிறது. பத்து நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒற்றைச் சுவர்க் குழாய்கள் அடர்ந்த காடாக நிமிர்ந்தன. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறக்குறைய 3 நானோமீட்டர். அதைப் பென்சில் தடிமனுக்குப் பெருக்கினால் நீளம் ஆறு கிலோமீட்டரைத் தொடும்! அடர்ந்த காடு என்றாலும் அதில் சுமார் 97 சதவீதம் வெற்றிடமே. இரும்புத் துகள்கள் தகட்டிலேயே தங்கிவிடுவதால், கூரிய பிளேடால் வழித்தெடுக்கும் கரியின் தூய்மை 99.98 சதவீதம். வேறு முறைகளில் கரியோடு கலந்துவிடும் இரும்பைப் பிரிக்க அமிலத்தில் கழுவ வேண்டியிருந்தது.

ஆய்வுக் கட்டுரை இங்கே முடிகிறது. ஆலையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் காடுகள் வளர்ந்தது விரல்நுனி அளவு சிலிக்கான் சில்லில். சிலிக்கான் விலை அதிகம், கிலோக் கணக்கில் விளைவிக்க ஏற்றதல்ல. மலிவான உலோகத் தகட்டுக்கு மாறினார்கள். தகடு பெரிதானதும் இன்னொரு இடைஞ்சல் வந்தது. வாயுவை ஒரு பக்கத்திலிருந்து செலுத்தினால், முன்னால் இருக்கும் துகள்களுக்கும் பின்னால் இருக்கும் துகள்களுக்கும் ஒரே கலவை கிடைக்காது. ஈரம் கொஞ்சம் கூடினால் குழாய் வளராது, குறைந்தால் துகள் அடைபடும். ஆகவே பூவாளியில் நீர் தெளிப்பதைப் போல மேலிருந்து வாயுவைப் பொழியச் செய்தார்கள். பிறகு தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் பட்டையில் ஏறி உலைக்குள் போய்வரும் ஏற்பாடு வந்தது.

இதில் தோள்கொடுத்தது ஜப்பான் ஸியான் நிறுவனம். செயற்கை ரப்பரில் பழுத்த அனுபவம் உள்ள நிறுவனம் அது. 2010 இல் நிறுவனங்களும் ஆய்வு அமைப்பும் சேர்ந்து ஒற்றைச் சுவர் நானோகுழாய்க்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பை உருவாக்கின. மறு ஆண்டே ஸுகுபாவில் மாதிரி ஆலை இயங்கி, பிற நிறுவனங்களுக்குச் சோதனைக்கான கரி கிடைக்கத் தொடங்கியது. 2015 நவம்பரில் யமகுச்சி மாநிலத்தின் டொகுயாமாவில் ஸியானின் உற்பத்தி ஆலை தயாரானது.

கரி கிடைத்துவிட்டது. அதை ரப்பரில் கலப்பது எப்படி? சீவாத நீளமுடியைப் போல நானோகுழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றை கற்றையாகச் சிக்கிக்கொள்ளும். பலவந்தமாகச் சிக்கெடுத்தால் முடி அறுவதுபோல் குழாயும் அறுந்து குட்டையாகிவிடும். நீளத்துக்காகப் பட்ட பாடு வீண். ஆய்வாளர்கள் கண்டுகொண்ட நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தேவையில்லை. திரவத்தில் ஊறவைத்து உயர் அழுத்தத்தில் நுண்துளை வழியே பீய்ச்சினால், கற்றைகள் பாதி பிரிந்து, மரக்கிளைகளைப் போல விரிந்து நிற்கின்றன. அந்தக் கிளைகள் ரப்பருக்குள் ஒன்றையொன்று தொட்டு, மிகக் குறைந்த கரியிலேயே முழு வலையாகிவிடுகின்றன. சூட்டில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் நெகிழும்போது அவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது இந்த வலை.

ஸியானும் சன்ஆரோவும் ஏ.ஐ.எஸ்.டி.யும் 2017 இல் ஸுகுபாவிலேயே கூட்டு ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. கரி வளர்ப்பவரும் ரப்பர் பிசைபவரும் வளையம் வார்ப்பவரும் ஒரே வளாகத்தில் இருப்பதன் பயன் எளிது: வளையம் வெடித்தால் தவறு குழாயிலா, கலவையிலா, வார்ப்பிலா என்று அங்கேயே சேர்ந்து தேடலாம். கடிதப் போக்குவரத்தில் இது நடக்காது. ஆய்வகத்திடம் பொருளை வாங்கிக்கொண்டு விலகிப்போவது கூட்டுறவே அல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எச்சரிக்கை ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். நீண்டு, மெலிந்து, உடலில் எளிதில் சிதையாத இழை என்றதும் ஆஸ்பெஸ்டாஸ் நினைவுக்கு வருவது நியாயமே. 2014 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, குறிப்பிட்ட ஒருவகைப் பல சுவர் நானோகுழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளதாக வகைப்படுத்தியது. மற்ற வகைகளைத் தரம்பிரிக்க அப்போது போதிய சான்று இல்லை. ரப்பரில் புதைந்த குழாய் பறக்காது. ஆனால் உலையிலிருந்து கரியை வழிக்கும்போதும், மூட்டையைப் பிரிக்கும்போதும், ரப்பரை வெட்டித் தேய்க்கும்போதும் தூசி எழும். அந்த இடங்களில் காற்றில் எவ்வளவு கரி மிதக்கிறது என்று அளப்பதற்கான வழிகாட்டி நூல்களை அந்தக் கூட்டமைப்பும் ஏ.ஐ.எஸ்.டி.யும் தயாரித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கின்றன.