காய்ச்சல் விட்ட நாளும் வலிக்காத புண்ணும்

சென்ற வாரம் வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்பது வயதுச் சிறுவனை அவனுடைய தாயார் தூக்கிக்கொண்டு வந்தார். நான்கு நாள் காய்ச்சல் அடித்து, ஐந்தாம் நாள் காலையில் உடம்பு ஆறியதும், "ஜுரம் விட்டுடுச்சு" என்று பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால்; காலையிலிருந்து சிறுநீரே கழியவில்லை. அவனுக்கு வந்திருந்தது டெங்கு. பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் இந்த மழைக்காலத்தில் இதே நிலையில் நான் பார்க்கும் முதல் பிள்ளை இவன் அல்லன்.

பல காய்ச்சல்களில் உடம்புச் சூடு தணிந்தால் குணம் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டெங்குவில் அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், வழக்கத்துக்கு மாறான சோர்வு, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும், உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். உறவினர்கள் எல்லோரும் தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்று மட்டுமே கேட்கிறார்கள். இரத்தம் கெட்டியாகிறதா என்பதைக் காட்டும் ஹெமடோகிரிட் அளவும் எங்களுக்கு அதே அளவு முக்கியம். பப்பாளி இலை தேடி அலைவதில் அந்த நேரத்தைக் கழித்துவிடாதீர்கள்.

சிக்குன்குனியாவில் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கும் என்பது இப்பகுதியில் பலருக்கு அனுபவம். அதனால் காய்ச்சலோடு மூட்டு வலித்தாலே மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். காய்ச்சலோடு வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், இதே வேலூரில்தான்.

தண்ணீர் முறைவைத்து வரும் ஊர்களில் டிரம்மில் பிடித்து வைக்காமல் முடியாது என்பது எனக்கும் தெரியும். மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டிரம்மின் உட்சுவரில் ஒட்டிய டெங்குக் கொசுவின் முட்டைகள் தண்ணீரை மட்டும் கொட்டினால் போகமாட்டா.

தொல்லை நின்றால் நோய் போய்விட்டது என்ற இதே எண்ணம்தான் சர்க்கரை நோயாளிகளின் காலையும் பறிக்கிறது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோடு சென்றுவந்த பெரியவர் ஒருவர், பெருவிரலடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, மூன்று வாரம் கழித்து வந்தார். "வலியே இல்லையே டாக்டர்" என்றார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தொழுநோயாளிகளின் பாதத்தில் சதை தானாக அழுகுவதில்லை, உணர்விழந்த இடத்தையே திரும்பத் திரும்ப அழுத்தி நடப்பதால்தான் புண் உண்டாகிறது என்பதை வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார். சர்க்கரைப் புண்ணுக்கும் அதுவே பொருந்தும். வலிக்காத புண்ணுக்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். நேர்த்திக்கடன் இருந்தால் செல்லுங்கள். ஆனால் உணர்வு குறைந்த கால் என்றால் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அணியுங்கள்.

வயதானவர்களால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. இரவு படுக்கும் முன் பேரப்பிள்ளை யாராவது ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை நாள்தோறும் செய்யுங்கள்.