குடிக்கக் குடிக்கப் போகிறதா? இன்னும் கொடுங்கள்

போன வாரம் பத்து மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகப் பேதி. உச்சிக்குழி அமுங்கிக் கிடந்தது, அழுதால் கண்ணீர் இல்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் விரிந்தது. ஓஆர்எஸ், அதாவது பாக்கெட்டில் வரும் உப்பு-குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தீர்களா என்றேன். "கொடுத்தோம் டாக்டர். குடிக்கக் குடிக்கப் போகுது, அதான் நிறுத்திட்டோம்" என்றார் பாட்டி. இந்த மாதம் இதே பதிலைக் கேட்பது நான்காவது முறை.

ஓஆர்எஸ் பேதியை நிறுத்தாது. திரும்பவும் சொல்கிறேன், நிறுத்தாது. பேதி சில நாள் போய்த் தானாக அடங்கும். அதுவரை உடம்பிலிருந்து போகும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டத்தான் ஓஆர்எஸ். பத்து முறை போனால் பத்து முறையும் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் குழந்தை வற்றிப்போகும். உயிரை எடுப்பது அந்த வறட்சிதான்.

"வெறும் உப்புத்தண்ணிதானே, குளுக்கோஸ் ஏத்துங்க" என்பவர்களிடம் திலீப் மகலனாபிஸ் பற்றிச் சொல்வேன். அவரும் குழந்தை மருத்துவர். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பு, குளுக்கோஸ், ஆப்பசோடா மூன்றையும் டிரம்மில் கரைத்துவைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களே அதைப் பிடித்துப்போய்ப் புகட்டும்படி சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 3.6 ஆக இறங்கியது. பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தான், எகிப்து, ஏமன் என்று காலராவோடு போராடினார். அவர் 2022இல் மறைந்த பிறகுதான் பத்ம விபூஷண் வந்தது.

சரி, வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கொட்டுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று கலக்காதீர்கள், உப்பு ஏறினால் வலிப்பு வரும். 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, அட்டையைப் படியுங்கள். ஒவ்வொரு முறை போனதும், இரண்டு வயதுக்குள் என்றால் கால் முதல் அரை டம்ளர், ஸ்பூனால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டி ஜூஸ் வேண்டவே வேண்டாம், அந்தச் சர்க்கரை பேதியைக் கூட்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மருந்தைப் பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை, வரும் வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.