குதிக்காலில் கொழுப்பு, சிறுமூளையில் வெள்ளை

ஒரு பரம்பரை நோயுள்ள பலரின் மூளை எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பிடரிப் பக்கமாக, சிறுமூளையின் இரு பாதிகளிலும் ஒரே இடத்தில் வெள்ளை படர்ந்திருக்கும். பக்கவாதமோ கட்டியோ இப்படி இருபுறமும் அச்சொட்டாக ஒத்து வருவது அரிது. அந்த இடத்துக்கு டென்டேட் நியூக்கிளியஸ் என்று பெயர். சிறுமூளை வெளியே அனுப்பும் சைகைகளில் பெரும்பங்கு இதன் வழியாகத்தான் போகிறது.

அந்த நோயின் பெயர் செரிப்ரோடென்டினஸ் சாந்தோமடோசிஸ். 1937இல் மருத்துவர் வான் போகர்ட்டும் சகாக்களும் இந்நோயை முதன்முதலில் விவரித்தார்கள். சி.வை.பி.27ஏ1 என்ற மரபணு பழுதாவதால், கொலஸ்ட்ரோலைப் பித்த அமிலமாக்கும் நொதியம் வேலை செய்யாது. கந்தளாய்க் குளத்து வாய்க்காலை நடுவில் அடைத்தால் தண்ணீர் கரையை மீறி அக்கம்பக்க வயல்களில் ஏறுவதுபோல, பாதியில் நின்ற பொருட்கள் வேறு வழியில் திரும்பி கொலஸ்டனோல் என்ற கொழுப்பாகின்றன. அவற்றில் ஒன்று இரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் புகுந்து அங்கேயே கொலஸ்டனோலாக மாறுகிறது.

படத்தில் தெரியும் வெள்ளை கொழுப்பல்ல. நரம்புகளின் மயலின் உறை அழிந்து, தழும்பேறி, நீர் கூடிய திசுதான் அப்படித் தெரிகிறது. அதாவது, ஸ்கான் காட்டுவது ஏற்கனவே நடந்துவிட்ட சேதம். அதே இடத்தில் திசு கரைந்து குழி விழுந்துவிட்டால் மருந்தின் பலனும் குறைந்துவிடும்.

எனக்குப் பெரிய ஆதங்கம் இதுதான். உடல் பல வருடங்களுக்கு முன்பே சொல்லத் தொடங்கிவிடும். குழந்தைப் பருவத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட வயிற்றோட்டம். பள்ளி வயதில் இரு கண்ணிலும் வெண்புரை. இளமையில் குதிக்காலுக்கு மேலே தசைநாண் கொழுப்பு படிந்து கட்டியாகத் தடித்து, விரலால் பிடித்தால் கெட்டியாகத் தட்டுப்படும். ஆனால் வயிற்றைப் பார்ப்பவர் ஒருவர், கண்ணைப் பார்ப்பவர் இன்னொருவர். வழக்கமான கொலஸ்ட்ரோல் பரிசோதனையோ பெரும்பாலும் சரியாகவே வரும். இரத்தத்தில் கொலஸ்டனோலைத் தனியே அளக்க வேண்டும்.

தாய், தகப்பன் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். திருகோணமலையிலும் மச்சான் மச்சாள் கலியாணம் புதிதல்ல; அதில் யாரையும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் கூடப்பிறந்தவர்களையும் உடனே சோதிக்க வேண்டும். கீனோடிஒக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து குறைந்துபோன பித்த அமிலத்தை ஈடுசெய்து, கொலஸ்டனோல் பெருகுவதைத் தடுக்கிறது. நடை தளருமுன் தொடங்கினால்தான் அதன் முழுப்பயன் கிடைக்கும்.